அடியிலிருந்து மூன்றாவது தாள்

மேலே இருக்கும் தாளை அத்தாயி தொடுவதில்லை. செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் ஹார்டுவேர் கடையில், கடைக்காரர் உப்புத்தாள் கட்டை மேசைமேல் வைத்ததும், குனிந்து அடியிலிருந்து எண்ணி மூன்றாவதை உருவினாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். கட்டைவிரல் நகத்தில் ஒரே ஒரு முறை இழுத்தாள். நகத்தை ஊதிவிட்டுக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு தாளின் மூலையை மடித்து, மடிப்பிலிருந்து மணல் உதிர்கிறதா என்று உள்ளங்கையைக் கீழே ஏந்தினாள்.

"பின்னாடி இருநூத்தி இருவதுன்னு நம்பர் போட்டிருக்குதுல்ல? அதப் படிச்சாப் போதாதா?" என்றார் கடைக்காரர்.

"அச்சடிக்கறவனுக்கு என்னங்க, எந்த நம்பர வேணாலும் அடிப்பான். என்ற நகத்துல வந்து அடிக்க முடியாதுல்ல."

"ஒரே கம்பெனி, ஒரே கட்டு. மேல இருக்கறதும் அதேதான், அடியில இருக்கறதும் அதேதான்."

"அப்ப நான் அடியில எடுத்தா உங்களுக்கு என்னங்க நட்டம்?"

கடைக்காரருக்கு இதற்குப் பதில் கிடைத்ததில்லை. ஐந்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் பத்துத் தாள்களைப் பொறுக்கி முடிப்பதற்குள் இரண்டு பேர் குழாய் வாங்கிப் போய்விட்டார்கள், ஒருவர் ஆணி வாங்கிப் போய்விட்டார்.

அத்தாயிக்கு நாற்பத்தாறு வயது. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அவளுக்கு வளப்பூர் நாட்டில் ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, இரண்டு பலா. காட்டில் வேலை இல்லாத நாட்களில் அவள் சுவர் தேய்ப்பவள். மலைமேல் தங்கும் விடுதிகள் பெருகத் தொடங்கியதும், செங்கல்லையும் மணலையும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிவருவது கட்டுப்படியாகாமல், அறைகளைத் தடுக்கப் பலரும் ஜிப்சம் போர்டுக்கு மாறினார்கள். ஒரே லாரியில் பாதி விடுதி வந்து இறங்கிவிடும். இரும்புச் சட்டத்தில் போர்டுகளைத் திருகி, இரண்டு போர்டு சேரும் இடத்தில் நாடா ஒட்டி, அதன்மேல் பட்டி என்ற வெள்ளை மாவைக் குழைத்துப் பூசுவார்கள். பூசியது காய்ந்ததும் அத்தாயி வருவாள். சேர்ந்த இடம் எங்கே என்று போர்டு அடித்தவனுக்கே தெரியாதபடி தேய்த்துவிட்டுப் போவாள்.

எந்தப் பூச்சுக்கு எந்தத் தாள் என்பதில் அவள் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. எண்பதாம் நம்பர் முரடு. முதல் பூச்சில் துருத்தி நிற்கும் கட்டிகளைச் சீவுவதற்கு மட்டும் அதை எடுப்பாள். கை தவறி அது போர்டின் காகிதத் தோலில் ஒரு இழுப்பு பட்டால், அந்த இடம் பஞ்சு பஞ்சாக எழும்பிவிடும், பெயிண்டுக்கும் அமுங்காது. இரண்டாம் பூச்சுக்கு நூற்றைம்பது. கடைசிப் பூச்சுக்கு இருநூற்றிருபது, அதுவும் விரல்களின் பாரம் மட்டும், தோள் இறங்கக் கூடாது. அதற்கும் மேலே போய் இன்னும் வழவழப்பான தாளை எடுத்தால் சுவர் பாத்திரம் மாதிரி மினுங்கி, பெயிண்ட் பிடிக்காமல் வழியும். அவளோடு வேலைக்கு வரும் பக்கத்து வீட்டுக் கோகிலா, வந்த முதல் நாள், நம்பர் குறைந்தால் தாளும் மிருதுவாக இருக்கும் என்று நினைத்துக் கடைசிப் பூச்சுக்கு எண்பதை எடுத்துவிட்டாள். அன்று அந்தச் சுவரின் ஒரு மூலை நாய் உடம்பு மாதிரி ஆனதை இருவரும் இன்னும் மறக்கவில்லை.

பட்டி காய்ந்ததா என்று பார்க்க அத்தாயி கையை வைப்பதில்லை, கன்னத்தை வைப்பாள். உள்ளே ஈரம் இருந்தால் கன்னத்தில் சில்லென்று ஏறும். மூடுபனி இறங்கிய நாட்களில் ஒரு நாளில் காய வேண்டியது மூன்று நாள் எடுக்கும். அப்போது அவள் மணிக்கொரு தரம் சுவரில் முகத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். தெரியாதவர்கள் பார்த்தால் அழுகிறாள் என்றே நினைப்பார்கள்.

உப்புத்தாள் மட்டுமில்லை, அத்தாயி நம்பாத பொருட்களின் பட்டியல் பெரிது. சோளக்காட்டுச் சந்தையில் மிளகு போடும்போது வியாபாரியின் எலக்ட்ரானிக் தராசில் முதலில் தன் செருப்பைக் கழற்றி வைப்பாள். அதன் எடை அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறினால் பலகையைப் படித்த பிறகும், கண்டக்டர் கத்திய பிறகும், உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்பாள். போனில் மழை வரும் என்று காட்டினால் துணியைத் துவைத்துக் காயப்போடுவாள். டீக்கடையில் பாலை ஊற்றும் வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"எல்லாரும் நல்லவங்கதானுங்க. ஆனா நாம பாக்கறப்பத்தான் ரொம்ப நல்லவங்களா இருக்கறாங்க" என்பாள்.

உப்புத்தாளைக் கண்ணைவிட்டு அகலவிடாததற்கு மட்டும் அவளுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விடுதியில், சாப்பிட்டு வருவதற்குள் ஏழு தாள்கள் காணாமல் போயின. தேடிக்கொண்டு போனால், வெல்டிங் வேலைக்கு வந்தவர் அவள் இருநூற்றிருபதை வைத்து ஜன்னல் கம்பியில் துரு தேய்த்துக்கொண்டிருந்தார். "சும்மாதானக்கா கெடந்துச்சு" என்றாராம். அன்றிலிருந்து அத்தாயி வேலையிடத்தில் ஒரு துண்டுத் தாளைக்கூட விட்டுவைப்பதில்லை. எண்பது, நூற்றைம்பது, இருநூற்றிருபது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இறுகச் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டி, உரச்சாக்கில் தைத்த பையில் போட்டு, பஸ்ஸில் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போவாள். மறுநாள் காலையில் அப்படியே திரும்பிவரும்.

"ஏக்கா, அந்தச் சுருள தலைமாட்டுல வெச்சுத்தான் தூங்குவீங்களா?" என்று சதீஷ்குமார் ஒருநாள் கேட்டான். அரியூர் நாட்டில் இப்போது நடக்கும் விடுதி வேலையை மேற்பார்வை பார்ப்பவன் அவன். அடிவாரத்துக்காரன், முப்பது வயது.

"தலைமாட்டுல வெச்சா எலி கடிக்கும் சாமி. பாய்க்கு அடியில போட்டு மேல படுத்துக்குவேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் படுக்கிறாள்.

அந்த விடுதி, நெல்வயல் இறங்கிப்போகும் சரிவுக்கு மேலே ஆறு அறைகளாகக் கட்டப்படுகிறது. உரிமையாளர் சிவபிரகாஷ் நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர். அறை ஒவ்வொன்றிலும் கட்டிலுக்குப் பின்னால் வரும் சுவரின் மேல்விளிம்பில் நீளமாக ஒரு விளக்குப் பட்டை பதிக்கிறார்கள். அதன் வெளிச்சம் சுவரை ஒட்டிக்கொண்டே கீழே வழியும். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடும் பள்ளமும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சிவபிரகாஷ் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். முதல் அறை மாதிரி அறை. அது நன்றாக வந்தால் மீதி ஐந்தும் அத்தாயிக்கு. வராவிட்டால் சேலத்திலிருந்து மெசின் ஆட்கள் வருவார்கள். தேய்க்கத் தேய்க்கத் தூசியையும் உறிஞ்சிக்கொள்ளும் மெசின். அதை வைத்திருப்பது சதீஷ்குமாரின் மச்சான்.

ஐந்து அறை என்றால் இரண்டு மாத வேலை. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் அத்தாயிக்கு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் மற்ற விடுதிக்காரர்களும் இந்த அறையை வந்து பார்ப்பார்கள். மெசின் ஒருமுறை மலை ஏறிவிட்டால் அப்புறம் இறங்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் முதல் அறையை முடித்தாள். நகத்தில் பார்த்தாள், கன்னத்தில் பார்த்தாள், போன் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தும் பார்த்தாள். போனில் பேட்டரி குறைவு, வெளிச்சமும் மங்கல். குறை ஒன்றும் தெரியவில்லை. அன்றே, பெயிண்டுக்கு அடியில் வரும் பிரைமரை ஒரு கை அடித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் சிவபிரகாஷ் வந்து விளக்குப் பட்டையைப் போட்டார். சுவர் முழுவதும் கோடுகள். முடி கனத்தில், இரண்டு மூன்றாகச் சேர்ந்து, வளைந்து வளைந்து ஓடின. பட்டி பூசிய இடங்களில்தான் அதிகம்.

"என்னம்மா இது? ராத்திரி பூனையைக் கட்டிப்போட்டீங்களா உள்ளே?"

அத்தாயி கிட்டே போனாள். ஒரு கோட்டின்மேல் நகத்தை வைத்து நகர்த்தினாள். நகம் இறங்கியது.

"இது இருநூத்தி இருவது போட்ட கோடு இல்லீங்க. எம்பது போட்ட கோடு. கடைசிப் பூச்சுக்கு நான் எம்பதத் தொடவே இல்லீங்க. கோகிலாவக் கேளுங்க."

"தொடலீங்க சார்" என்றாள் கோகிலா.

"அப்ப தானா வந்துச்சா?"

"தாள மாத்திட்டாங்க. நல்ல தாள எடுத்துட்டு மட்டத் தாள உள்ள வெச்சிருக்கறாங்க."

"யாரு?"

அத்தாயி சதீஷ்குமாரைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்த ஏணியைப் பார்த்துச் சொன்னாள். "இந்தத் தம்பிக்கு மச்சான் சேலத்துல மெசின் வெச்சிருக்காப்புல. நான் அவ்வளவுதானுங்க சொல்லுவேன்."

"ஏக்கா!" சதீஷ்குமாருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "என்ற மச்சான் மெசின் வெச்சிருந்தா நான் தாள் திருடனா? அந்தப் பையக் கண்ணுலயே காட்ட மாட்டீங்களே, நான் எங்க போய் மாத்துவேன்?"

"மத்தியானம் சோத்துக்குப் போறப்ப."

"சோத்துக்குப் போறப்பவும் பையோடதான போறீங்க!"

"கை கழுவப் போறப்ப."

"கை கழுவறப்பவும் அந்தக் கக்கத்துலதான இடுக்கியிருக்கறீங்க! அப்புறம் எப்படித்தான் கழுவறீங்களோ!"

சிவபிரகாஷ் கையை உயர்த்தி நிறுத்தினார். "சனிக்கிழமை மத்தியானம் மறுபடி வர்றேன். சுவர் சரியா இருக்கணும். தாளை மாத்துனது யாருன்னும் எனக்குத் தெரியணும். மாத்துனவன் இவன்னா இவன் வேலையில இருக்க மாட்டான். யாரும் மாத்தலை, நீங்களே கெடுத்துட்டுப் பழி போடறீங்கன்னா, மெசின் வரும்."

அத்தாயி அன்று நேராக வீட்டுக்குப் போகவில்லை. செம்மேட்டில் இறங்கி, ஹார்டுவேர் கடையில் மேசைமேல் கையை ஊன்றி நின்றாள். சதீஷ்குமார் அல்ல என்றால் அடுத்தது இவர்தான்.

"ஏனுங்க, கட்டுக்குள்ள எதாச்சும் கலந்து வெச்சீங்களா?"

"இதுல என்னத்தக் கலக்கறது? இதென்ன பாலா?"

கடை மூலையில் கிடந்த உடைந்த போர்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதே கட்டிலிருந்து அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, வாழ்க்கையில் முதல்முறையாக மேலே ஒன்று என மூன்று தாள்களை எடுத்துத் தேய்த்தாள். தூசியைத் தட்டிவிட்டு, துண்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தாள். ஒரு கோடும் இல்லை. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இல்லை.

"கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா, நான் நல்லவன்னு?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாமுங்க. தாள் ஒண்ணு புதுசாக் குடுங்க." அதை வழக்கம்போல மற்ற தாள்களோடு சேர்த்துச் சுருட்டி, கயிறு கட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைக்காரர் மேல் குற்றமில்லை என்று ஆகிவிட்டதால் பஸ்ஸில் சதீஷ்குமாரின் குற்றம் இரண்டு மடங்கானது. போன வாரம் "அடிவாரத்துல தாள் நல்லாக் கெடைக்கும், வாங்கியாரட்டுமாக்கா" என்று எதற்குக் கேட்டான்? திங்கட்கிழமை அவளுக்கு டீ எதற்கு வாங்கிக் கொடுத்தான்? டீ குடிக்கும்போது பை எங்கே இருந்தது? மடியில் இருந்தது. இருந்தாலும், டீ எதற்கு?

வியாழக்கிழமை காலையில் அவள் ஒரு வேலை செய்தாள். பையின் வாய்க்கயிற்றில் முடிச்சின்மேல் பட்டித் தூளை ஒரு சிட்டிகை தூவினாள். யாராவது அவிழ்த்தால் தூள் கலையும். பையைக் கண்ணாடி போடாத ஜன்னல் திண்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, "டீக்குப் போய்ட்டு வாரோமுங்க!" என்று விடுதி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பிறகு கோகிலாவை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து ஜன்னல் தெரியும்.

"அந்தத் தம்பி அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க்கா."

"அப்படிப்பட்டவன் எல்லாம் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்? பேசாம பாரு."

மூடுபனி வயலில் இருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் ஜன்னல் திண்டில் நீர் கோத்தது. சதீஷ்குமார் உள்ளே வந்தான். பையைப் பார்த்தான். நின்றான். பாம்பைப் பார்த்தவன்போலச் சுவரோரமாக நகர்ந்து அந்தப் பக்கம் போனான். போனவன் திரும்பிப் பார்த்தான். பைமேல் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"நனையுதே" என்று அவன் தனக்குத்தானே சொன்னது தொட்டி வரை கேட்டது.

மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்தான். அதன் காம்பைப் பையின் காதுக்குள் நுழைத்து, முழங்கையை நீட்டி, பையை உடம்பில் படாமல் தூக்கினான். எட்டு அடி தள்ளி ஈரமில்லாத இடத்தில் மெல்ல இறக்கினான். காம்பை உருவினான். பிறகு யாருமில்லாத அறைக்கு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டு வெளியே போனான்.

கோகிலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அத்தாயி எழுந்து போனாள்.

முடிச்சின்மேல் தூள் அப்படியே இருந்தது. அவிழ்த்தாள். நேற்றுக் கடையில் வாங்கிய புதுத் தாளை உருவினாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு போர்டுத் துண்டில் நான்கு இழுப்பு இழுத்தாள். துண்டை ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.

மூன்று கோடுகள்.

நேற்று அதே கட்டுத் தாள் கடையில் ஒரு கோடுகூடப் போடவில்லை. இன்று காலை யாரும் பையைத் திறக்கவில்லை, அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் இருந்தது ஓர் இரவு. அந்த இரவில் தாள் இருந்தது அவள் பாய்க்கு அடியில். வீட்டுக்காரர்மேல் ஒரு நிமிடம் சந்தேகம் போனது. அவருக்கு உப்புத்தாள் எது, சிமெண்டுச் சாக்கின் கிழிசல் எது என்றே தெரியாது. சந்தேகம் திரும்பி வந்துவிட்டது. போவதற்கு அதற்கு வேறு ஆள் இல்லை.

தாளைக் கவிழ்த்து, வெள்ளைப் போர்டின்மேல் பிடித்து, முதுகில் விரலால் தட்டினாள். வெள்ளைத் தூசி உதிர்ந்தது. கூடவே ஐந்தாறு மணல்கள் விழுந்தன. செம்பழுப்பு நிறம். இருநூற்றிருபதின் மணல் சாம்பல் நிறமாக இருக்கும். செம்பழுப்பு எண்பதுடையது. ஒன்றை விரல்நுனியில் ஒற்றி எடுத்து நகத்தில் உரசினாள். தெரிந்த முரடுதான்.

மணல் பக்கத்தோடு மணல் பக்கம் சேர்த்துச் சுருட்டி, இறுகக் கட்டி, பஸ்ஸில் முழங்காலால் நெருக்கி, ராத்திரி முழுக்க மேலே படுத்தால், எண்பதின் மணல் உதிர்ந்து இருநூற்றிருபதில் பதியாமல் என்ன செய்யும்? ஒரு மணல் போதும், ஒரு சுவருக்கு. இத்தனை நாளாக அவள் தேய்த்த சுவர்களை இப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் கோகிலா.

"ஒண்ணுமில்ல."

அத்தாயி அந்தத் துண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே இருந்தாள். வாசலில் சதீஷ்குமாரின் குரல் கேட்டது. உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தான்.

"பையில ஏதாச்சும் கொறஞ்சிருக்குதாங்க்கா?"

"இல்ல."

"கூடியிருக்குதா?"

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் கிண்டலைத் தவிர வேறெதுவும் இல்லை. மணலை முந்தானையால் துடைத்தாள்.

அன்று மத்தியானமே சுவர்மேல் மெல்லியதாக ஒரு பட்டி இழுத்தார்கள். இழுத்த பிறகு பனி கெட்டியானது. அத்தாயி கன்னத்தை வைத்தாள். சில்லென்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வைத்தாள். அதே சில். வெள்ளி மாலைக்குள் தேய்க்க முடியாவிட்டால் சனிக்கிழமைக்குப் பிரைமர் காயாது. அவள் மூன்றாவது தடவை சுவரில் முகத்தைச் சாய்த்து நின்றபோது, பின்னால் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. சதீஷ்குமார் தான் தங்கியிருக்கும் கொட்டகையிலிருந்து பெரிய ஃபேன் ஒன்றை இழுத்துவந்து சுவரைப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தான்.

"இது எதுக்கு?" என்றாள்.

"காயறதுக்கு."

"உனக்கு என்ன இதுல?"

"சுவரு நல்லா வரலீன்னா திருடுனது நாந்தான்னு ஆயிரும்லக்கா. அதான்."

அந்தக் காரணம் அவளுக்குப் புரிந்தது. வேறு ஏதாவது நல்ல காரணம் சொல்லியிருந்தால் ஃபேனைத் திருப்பி அனுப்பியிருப்பாள். எதற்கும் அதன் இறக்கைகளில் தூசி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை செம்மேட்டுக்குப் போய்ப் புதுத் தாள்கள் வாங்கிவந்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் மடித்து, சுருட்டாமல் தட்டையாக மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். மாலையில் கன்னம் சரி என்றது. தேய்த்தார்கள், அன்றிரவே பிரைமரும் அடித்தார்கள்.

சனிக்கிழமை சிவபிரகாஷ் விளக்குப் பட்டையைப் போட்டுவிட்டுச் சுவரோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். வெளிச்சம் மேலிருந்து கீழ்வரை எங்கும் இடறாமல் இறங்கியது. திரும்பி நடந்தார். குனிந்தும் பார்த்தார்.

"இது சுவர்" என்றார். "சரி. தாளை மாத்துனது யாரு?"

கோகிலா தரையைப் பார்த்தாள். சதீஷ்குமார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அத்தாயிக்கு ஒரு வழி இருந்தது. கடைக்காரர் இங்கே இல்லை. வாங்கிய தாள்கட்டிலேயே கலப்படம் என்று சொல்லிவிட்டால் யாரும் செம்மேட்டுக்குப் போய் விசாரிக்கப் போவதில்லை. இங்கே நிற்பவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அந்த வழியை அவள் பஸ்ஸில் இரண்டு நாளாக நகத்தில் வைத்து உரசிப் பார்த்திருந்தாள்.

"ஆரும் மாத்தலீங்க" என்றாள். "என்ற பைதானுங்க. முரட்டுத் தாளையும் மெல்லிசுத் தாளையும் ஒண்ணாச் சுருட்டுனேன். இது மணலு அதுல ஏறிருச்சு."

"நீங்களேவா?"

"ஆமாங்க."

"அப்ப இவனைத் திருடன்னு சொன்னது?"

"சொன்னேனுங்க. தப்புதானுங்க." இப்போதும் ஏணியைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு கழுத்தைத் திருப்பி, சதீஷ்குமாரின் முகத்தைப் பார்த்து மறுபடி ஒருமுறை சொன்னாள். "தப்புதான் சாமி."

அவன் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்துவிட்டான்.

சிவபிரகாஷ் விளக்குப் பட்டையை அணைத்தார். "மெசின்காரனா இருந்தா மெசின் மேல சொல்லிட்டுப் போயிருப்பான்" என்றார். "அஞ்சு ரூமும் நீங்களே பாருங்க. ஆனா ஒண்ணு. தாள் இனிமே பஸ் ஏறக்கூடாது. ஸ்டோர் ரூம்ல ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு தட்டு. சாவி இவன்கிட்ட இருக்கும்."

அத்தாயியின் முகம் ஈரச்சுவரில் கன்னம் வைத்ததுபோல ஆனது. ஆனாலும் தலையாட்டினாள். அவர் கீழே இறங்கிக் காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

"எனக்கு வேண்டாமுங்க்கா இந்தச் சாவி" என்றான் சதீஷ்குமார். "நாளைக்கு ஒரு தாள் கொறஞ்சா மறுபடி நான்தான் திருடன். விளக்குமாத்த வெச்சுத்தான் பொழைக்கோணும்."

விளக்குமாறு என்றதும் கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் அவளையும் அத்தாயியையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கிருந்து பார்த்தார்கள் என்பது மெல்லப் புரிந்து, தலையைச் சொறிந்தான்.

அத்தாயி தரையில் உட்கார்ந்து இருநூற்றிருபதுகளை ஒரே கட்டாக அடுக்கினாள். நான்கு பக்கமும் தரையில் தட்டி விளிம்பைச் சமன் செய்தாள். எழுந்து அந்தத் தாள்கட்டை நீட்டினாள். அவன் இரண்டு கைகளாலும் வாங்க வந்தபோது பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். கட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, தாள்களின் விளிம்பின் குறுக்கே, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு சாய்கோடு இழுத்தாள். நடுவில் ஒரு தாளை உருவினாலும் அந்தக் கோடு உடைந்துவிடும்.

"இன்னுமாங்க்கா நம்பிக்கை வரல?"

"நாளைக்கு நான் வந்து தாளக் காணோம்ன்னு நின்னா, எனக்கு இதக் காட்டு" என்றாள்.

கட்டைத் திருப்பி மறுபக்கத்திலும் ஒரு கோடு போட்டு, பேனாவை அவன் பையில் செருகிவிட்டு, கட்டை அவன் கைகளில் வைத்தாள்.